எலியா, மனிதரா, ஃப்ரீசரா: மாசு ஆய்வில் எந்த வழியில் இறங்குவது?

"சார், எலியில் செய்யட்டுமா, இல்லை ஆட்களைப் பின்தொடரட்டுமா?"

மாசு உடலை என்ன செய்கிறது என்று ஆராய வரும் மாணவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வந்து உட்காருகிறார்கள். கையில் மூன்று வருடம், அளவான பணம், மனதில் ஒரு மாசு. ஈயம், பாதரசம், நுண்துகள் என்று ஏதோ ஒன்று. பாடப் புத்தகம் இவர்களுக்கு ஒரு பிரமிடு வரைந்து காட்டியிருக்கும். அடியில் செல், அதற்கு மேல் விலங்கு, போகப் போக மனித ஆய்வுகள், உச்சியில், யாருக்கு மருந்து யாருக்கு இல்லை என்று குலுக்கிப் போட்டு ஒப்பிடும் குலுக்கல் முறைச் சோதனை. உச்சியில் இருப்பதுதான் உசத்தி என்று பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டு வருகிறார்கள். மருந்து ஆய்வுக்கு அந்தப் பிரமிடு சரி. மாசு ஆய்வில் அது பாதி வழியில் காலை வாரிவிடும். மருந்து என்றால் யார் எத்தனை மாத்திரை விழுங்கினார் என்று தெரியும். மாசை யாரும் எண்ணி விழுங்குவதில்லை.

அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த மாசு யாருடைய உடம்புக்குள், எப்போது, எவ்வளவு போனது என்று உங்களால் சொல்ல முடியுமா? நோயைக் கணக்கெடுப்பது எப்படியோ நடந்துவிடும். மருத்துவமனைப் பதிவு இருக்கும், இறப்புச் சான்று இருக்கும், யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்கள். ஆய்வுகள் சறுக்கி விழுவது எக்ஸ்போஷரில், அதாவது ஒருவர் மாசுக்கு ஆளான அளவைச் சொல்ல வேண்டிய இடத்தில். அங்கே அளவீடு தாறுமாறாக இருந்தால் அதிகம் ஆளானவரும் குறைவாக ஆளானவரும் கலந்துபோவார்கள், இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி தெரியும். நிஜமாகவே கெடுதல் செய்யும் பொருள்கூட "தொடர்பு காணப்படவில்லை" என்ற ஒற்றை வரியோடு தப்பித்துவிடும். கீழே வரும் வழிகள் எல்லாவற்றையும் நான் இந்த ஒரு கண்ணால்தான் பார்க்கிறேன்.

எலியும் செல்லும்

இந்த வழியின் பெரிய பலம், டோஸ் உங்கள் கையில் இருப்பது. ஒரு கிலோ உடல் எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று நீங்களே கொடுக்கிறீர்கள். எலி புகைபிடிப்பதில்லை, வேலை மாறுவதில்லை, வீடு மாறுவதில்லை. மூன்று வருடத்துக்குள் தாராளமாக முடியும். பாக்டீரியாவில் மரபணு மாற்றம் உண்டாகிறதா என்று பார்க்கும் ஏம்ஸ் சோதனைக்குச் சில நாட்களே போதும்.

அளவுப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஆள் மாறிவிட்டார். டையாக்சின்கள் என்ற நச்சு ரசாயனங்களில் மிகக் கொடியதான டி.சி.டி.டி.யைப் பாருங்கள். கினிப் பன்றியைக் கொல்ல ஒரு கிலோ எடைக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் போதும். ஹாம்ஸ்டருக்கு ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டும். இரண்டுமே கொறித்துண்ணிகள். மனிதன் இதில் யார் பக்கம் என்று எலிக்கூண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒட்டாத பாத்திரப் பூச்சுத் தொழிலில் புழங்கிய பி.எஃப்.ஓ.ஏ. இன்னும் மோசம். உள்ளே போனதில் பாதி, பெண் எலியின் உடம்பிலிருந்து சில மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறது. ஆண் எலிக்குச் சில நாட்கள் ஆகின்றன. மனிதருக்கு இரண்டு முதல் நான்கு வருடம். "அதே டோஸ்" என்று சொல்வதற்கே இங்கே பொருள் இல்லை.

இரண்டு பக்கமும் ஏமாந்திருக்கிறோம். பெட்ரோல் ஆவியை முகர்ந்த ஆண் எலிகளுக்குச் சிறுநீரகத்தில் கட்டி வந்தது. கிளறிப் பார்த்தால், ஆண் எலியில் ஏராளமாகச் சுரக்கும் ஆல்ஃபா-2யூ குளோபுலின் என்ற புரதம் அங்கே தேங்கியதுதான் காரணம். மனிதச் சிறுநீரகத்தில் அந்தக் கதை நடப்பதில்லை. ஆர்சனிக்கில் இதற்கு நேர்மாறு. தைவானின் தென்மேற்கில் கிணற்று நீரைக் குடித்தவர்களுக்குத் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய்கள் வந்துகொண்டே இருந்தன. ஆய்வக விலங்குகளிலோ பல பத்தாண்டுகள் கனிம ஆர்சனிக்கால் புற்றுநோயை உண்டாக்கிக் காட்ட முடியவில்லை. கருவில் இருக்கும்போதே கொடுத்துப் பார்த்த பிறகுதான் சுண்டெலிகளில் கட்டிகள் தெரிந்தன. விலங்குச் சான்றுக்காகக் காத்திருந்தால் ஆர்சனிக் வெகுகாலம் நல்ல பெயரோடு நடமாடியிருக்கும்.

ஆனாலும் விலங்குச் சோதனையை ஒதுக்கித்தள்ள எனக்கு மனம் வராது. ஜப்பானின் மினமாட்டா ஊரில் சோதித்த 400-ஆம் எண் பூனைதான் காரணம். ஆலைக் கழிவின் பாதரசத்தால் வந்த அந்த ஊரின் நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. சிஸ்ஸோ ஆலையின் மருத்துவமனைத் தலைவராக இருந்த ஹஜிமே ஹோசோகாவா, 1959-இல் அந்த ஆலையின் கழிவுநீரையே பூனையின் தீனியில் கலந்து கொடுத்தார். சில மாதங்களில் பூனைக்கு வலிப்பும் தள்ளாட்டமும் வந்தன, ஊர் மக்களுக்கு வந்தது போலவே. நிறுவனம் முடிவை வெளியே விடவில்லை. 1970-இல் நோய்ப் படுக்கையில் இருந்தபடி ஹோசோகாவா சாட்சி சொன்னபோதுதான் அது நீதிமன்றப் பதிவில் ஏறியது. கவனியுங்கள், அவர் கடையில் வாங்கிய சுத்தமான ரசாயனத்தைக் கொடுக்கவில்லை. மக்கள் ஆளான அதே கழிவைக் கொடுத்தார். விலங்குச் சோதனை பேசும் இடம் அதுதான்.

ஆட்களைப் பின்தொடர்வது

ஒரு கூட்டத்தை எடுத்து வருடக்கணக்கில் பின்தொடரும் கோஹார்ட் ஆய்வு என்றால் மதிப்பு அதிகம். நோய் வருவதற்கு முன்பே மாசை அளந்துவிடுவதால் எது முன், எது பின் என்ற குழப்பம் இல்லை. காற்று மாசுக்கு இதில் பேர் போனது ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு. 8,111 பேரை 14 முதல் 16 வருடம் பின்தொடர்ந்து, 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். மிக மாசான ஸ்டூபன்வில்லில் இறப்பு விகிதம், மிகச் சுத்தமான போர்டேஜைவிட 26 சதவீதம் அதிகம். புகைப்பழக்கம், உடல் எடை, படிப்பு, வேலை எல்லாவற்றையும் ஆள் வாரியாகக் கேட்டுக் கணக்கில் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது.

இப்போது என் கேள்வியை அங்கே வையுங்கள். மாசை எப்படி அளந்தார்கள்? ஊருக்குள் நிறுத்திய கருவியை வைத்துத்தான். ஸ்டூபன்வில்லில் வாழ்ந்த அத்தனை பேருக்கும் ஒரே எண். ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தும், மாசு அச்சில் புள்ளிகள் ஆறே ஆறு. எதிர்த்தவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தரவைக் கொடு என்று சண்டை நடந்தது. கடைசியில் வெளியாட்களான ஒரு குழு எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட்டு, 2000-இல் அதே முடிவுக்குத்தான் வந்தது. அந்த ஆய்வு நின்றதற்கு முக்கியக் காரணம் ஊருக்கு ஊர் மாசில் இருந்த பெரிய இடைவெளி. ஒரே நகரத்தின் இரண்டு தெருக்களை இப்படி ஒப்பிட்டிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

நல்ல கோஹார்ட் இரண்டு மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம், மீனில் சேரும் மீத்தைல் பாதரசம். ஃபாரோ தீவுகளில் 1986–87-இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்தார்கள். ஏழு வயதில் சோதித்தபோது, தொப்புள்கொடி ரத்தத்தில் பாதரசம் அதிகம் இருந்த பிள்ளைகள் மொழி, கவனம், நினைவாற்றலில் பின்தங்கியிருந்தார்கள். சீஷெல்ஸ் தீவுகளில் 779 தாய்-சேய் ஜோடிகளைத் தொடர்ந்தார்கள். அங்கே அப்படி எதுவும் பிடிபடவில்லை. இரண்டுமே கவனமாகச் செய்த ஆய்வுகள். ஒரு பக்கம் கெடுதல், இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை.

யார் தப்பு? யாரும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அளந்தது வேறு வேறு. ஃபாரோவில் பாதரசம் வந்தது பைலட் திமிங்கலக் கறி வழியாக. அதை எப்போதாவது மொத்தமாகச் சாப்பிடுவார்கள், ரத்தத்தில் அளவு குபீரென்று ஏறி இறங்கும், கூடவே பி.சி.பி. என்ற வேறு நச்சு ரசாயனங்களும் வரும். சீஷெல்ஸில் தினமும் கடல்மீன், நிதானமான அளவு. மீனில் இருக்கும் நல்ல கொழுப்பு குழந்தையின் மூளைக்கு உதவுகிறது, அதே மீனில் வரும் பாதரசம் கெடுக்கிறது. ஒன்றை ஒன்று மறைத்துவிடும். ஃபாரோவில் தொப்புள்கொடி ரத்தம் முதன்மை அளவு, சீஷெல்ஸில் தாயின் தலைமுடி. பாதரசத்துக்குப் பாதுகாப்பான வரம்பு எது என்று அமெரிக்காவில் கூடிய தேசிய ஆராய்ச்சிக் குழு 2000-இல் ஃபாரோ ஆய்வையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. ஆய்வு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் கெடுதலைக் காட்டியதை நம்பி வரம்பு போடுவது எனக்கும் சம்மதம்தான். அதே சமயம், "மீனைத் தொடாதே" என்று கர்ப்பிணிகளைப் பயமுறுத்தினால் சீஷெல்ஸ் சொன்னதைக் காதில் வாங்காததாகிவிடும்.

மூன்று வருடத்தில் புதிதாக ஒரு கோஹார்ட் தொடங்கி முடிவு காண முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் போன்றவற்றில் நோய் தலைகாட்டவே இருபது, முப்பது, நாற்பது வருடம் ஆகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோஹார்ட்டில் போய் ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தால் யோசிக்காமல் போய்விடுங்கள். இடம் கிடைக்காதவர்களுக்கு மேலே படிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு குறுக்கு வழிகள்

நோயாளிகளிடமிருந்து தொடங்கி, ஒப்பிட நோய் வராதவர்களையும் சேர்த்துக்கொண்டு பின்னோக்கிப் போவது கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு. அரிய நோய் என்றால் வேறு வழியே இல்லை. லட்சம் பேரைப் பின்தொடர்ந்தாலும் மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோய் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். தென்னாப்பிரிக்காவில் 1960-இல் வேக்னரும் கூட்டாளிகளும் இந்த நோய் வந்த 33 பேரை விசாரித்தபோது, ஏறக்குறைய எல்லாருமே நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியோடோ அந்தத் தொழிலோடோ தொடர்புள்ளவர்கள் என்று தெரிந்தது. ஒப்பிட ஆட்கள்கூட இல்லாத வெறும் நோயாளிப் பட்டியல்தான் அது. தொடர்பு அவ்வளவு வலுவாக இருந்ததால் போதுமாக இருந்தது. சாதாரணமாக இப்படி அதிர்ஷ்டம் அடிப்பதில்லை. நோய் வந்தவர் "எனக்கு ஏன் வந்தது" என்று ஞாபகத்தைத் தோண்டித் துருவுவார். வராதவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். வாய்வார்த்தையை மட்டும் நம்பி இந்த ஆய்வில் இறங்காதீர்கள். வேலைப் பதிவேடோ தண்ணீர்ப் பரிசோதனை ஏடோ பழைய ரத்த மாதிரியோ இருந்தால் இறங்கலாம்.

இன்னொன்று வரைபட ஆய்வு. பகுதிவாரியாக மாசு ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம், இரண்டுக்கும் நிறம் தீட்டி ஒன்றன் மேல் ஒன்று வைப்பது. ஒரு வாரத்தில் முடியும், பார்க்க அழகாக இருக்கும், செய்தியிலும் வரும். மாசான பகுதியில் நோய் வந்தவர்தான் மாசைச் சுவாசித்தவர் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. எங்கே தோண்டலாம் என்று காட்டும். அதோடு சரி.

உடம்பையே கேட்பது

ஊர்க் கருவியை நம்ப வேண்டாம், ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்து நேரே அளந்துவிடலாம் என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் எந்தத் திசு, எந்த நேரம் என்பதில் எல்லாமே அடங்கியிருக்கிறது.

ஈயம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மாதம் போல ஆகும். எலும்பில் அதற்குப் பல பத்தாண்டுகள். ஆக, ரத்தம் போன மாதத்தைச் சொல்கிறது, எலும்பும் பல்லும் வாழ்நாளைச் சொல்கின்றன. ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்க மருத்துவர் பிடித்தது இந்தப் புள்ளியைத்தான். ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கிறதா என்ற சண்டை ரத்த அளவை வைத்துக்கொண்டு முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். பல்லின் உட்பகுதியான டென்டினில் ஈயம் அதிகமாக இருந்த 58 பேரையும் குறைவாக இருந்த 100 பேரையும் ஒப்பிட்டு 1979-இல் எழுதினார். அதிக ஈயக் கூட்டத்தின் சராசரி ஐ.க்யூ. நாலு புள்ளிக்கு மேல் குறைந்திருந்தது. இந்தப் பிள்ளைகள் யாரும் ஈய நச்சு என்று மருத்துவமனைக்குப் போனவர்கள் அல்ல. 158 பேர் மட்டுமே. எண்ணிக்கை சின்னது, அளவுகோல் சரியானது.

இதற்கு எதிர்முனையில் பிளாஸ்டிக்கில் இருந்து வரும் பிஸ்பினால்-ஏ. உள்ளே போய்ச் சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும். ஒருவரிடம் ஒருமுறை எடுத்த சிறுநீரை வைத்து அவருடைய வருடக் கணக்கைச் சொல்வது நடக்காத காரியம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. ஆனாலும் ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு எழுதிய கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. இப்படிச் சீக்கிரம் வெளியேறும் பொருள் என்றால், நூறு பேரிடம் ஒருமுறை எடுப்பதைவிட இருபது பேரிடம் பலமுறை எடுங்கள்.

அப்புறம், மாதிரியைக் கெடுப்பது பல நேரம் நாம்தான். நான் பங்கெடுத்த முதல் ஆய்வு ஒன்றில் சிறுநீரில் காட்மியம் அளந்தோம். களத்துக்குப் போகும்போது சுத்தமான நீர் ஊற்றிய வெற்றுக் குழாய்கள் சிலவற்றையும் கொண்டுபோய், திறந்து மூடித் திரும்பக் கொண்டுவருவது வழக்கம். அந்த வெற்றுக் குழாய்களிலும் காட்மியம் வந்தது. ஆட்களிடம் வந்த அளவில் கிட்டத்தட்ட பாதி. இரண்டு வாரம் தண்ணீரைச் சந்தேகப்பட்டோம், அமிலத்தைச் சந்தேகப்பட்டோம், ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால், திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டின் மஞ்சள் நிற முனை. அந்தச் சாயத்திலேயே காட்மியம் இருந்திருக்கிறது. நிறமில்லாத முனையை அமிலத்தில் ஊறவைத்துப் பயன்படுத்தியதும் வெற்றுக் குழாய்கள் வெற்றாக வந்தன. நானூறு மாதிரிகளை மறுபடி ஓட்டினோம். இன்று மனித ரத்தத்தில் நுண்பிளாஸ்டிக் என்று ஒரு கட்டுரையைப் பார்த்தால், நான் முதலில் தேடுவது வெற்று மாதிரியின் எண்ணைத்தான். ஆய்வகத்தின் காற்றிலும் கையுறையிலும் பிளாஸ்டிக் இருக்கும்போது, அந்த எண் இல்லாத கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

இந்த வழியின் உண்மையான சொத்து ஃப்ரீசர். இத்தாலியின் செவெசோவில் 1976 ஜூலை 10-இல் ஒரு ரசாயன ஆலையிலிருந்து டையாக்சின் மேகம் கிளம்பியது. அன்று எடுக்கும் சின்னக் குழாய் ரத்தத்தில் டையாக்சினை அளக்க எந்த முறையும் இல்லை. இருந்தும் பாவ்லோ மோகரெல்லி என்ற மருத்துவர் அந்த மக்களின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்ற தெளிநீரைத் தூக்கி எறியாமல் உறைய வைத்தார். பத்து வருடம் கழித்து அளக்கும் நுட்பம் வந்தது. ஃப்ரீசரைத் திறந்தார்கள். விபத்து நடந்த சமயத்தில் யார் உடம்பில் எவ்வளவு இருந்தது என்று ஆள் வாரியாகத் தெரிந்தது. அந்த மாதிரிகளை நம்பித்தான் பின்னால் 981 பெண்களை வைத்துத் தனியாக ஒரு ஆய்வே தொடங்க முடிந்தது.

தானாக நடக்கும் சோதனை

எனக்குப் பிடித்த வழி இது. அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஒரு எஃகு ஆலை இருந்தது. அந்தப் பகுதியின் தூசுக்குப் பெரும்பங்கு அதுதான் காரணம். தொழிலாளர் தகராறில் 1986 ஆகஸ்டில் மூடி, 1987 செப்டம்பரில் திறந்தார்கள். பதின்மூன்று மாதம். ஆர்டன் போப் என்ற பொருளாதார அறிஞர் பழைய மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினார். ஆலை ஓடிய குளிர்காலங்களில், மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமாவுக்காகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள், மூடியிருந்த குளிர்காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஊர் அதே ஊர், மலை அதே மலை, மக்கள் அதே மக்கள். மாறியது புகைபோக்கி மட்டும்.

கதை இதோடு முடிந்திருந்தால்கூட நல்ல கதைதான். ஆனால் அந்த வருடங்களில் காற்றை உறிஞ்சிய கருவியின் வடிகட்டித் தாள்களை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். மூடுவதற்கு முன், மூடியபோது, திறந்த பின் என்று மூன்று காலத்துத் தாள்கள். பிற்பாடு ஆய்வாளர்கள் அவற்றை நீரில் ஊறவைத்துச் சாறு எடுத்தார்கள். எலியின் நுரையீரலில் செலுத்தினார்கள். மனதார முன்வந்த மனிதர்களின் நுரையீரலிலும், குழாய் விட்டு, மிகச் சிறிய அளவில் செலுத்தினார்கள். 2001-இல் முடிவு வந்தது. ஆலை ஓடிய காலத்துத் தூசு அழற்சியைக் கிளப்பியது. மூடியிருந்த காலத்துத் தூசு, அதே எடைக்கு, அவ்வளவு கிளப்பவில்லை. வித்தியாசம் அதிலிருந்த உலோகங்களில். எலியா மனிதரா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. ஒரே தாள், எலிக்கும் மனிதருக்கும் வேலை செய்தது.

இதிலும் குழி உண்டு. டப்ளினில் 1990-இல் புகை கக்கும் நிலக்கரி விற்பனையைத் தடை செய்தார்கள். கரும்புகை ஏறத்தாழ 70 சதவீதம் சரிந்தது. சுவாச நோய் இறப்பு 15 சதவீதத்துக்கு மேல், இதய நோய் இறப்பு 10 சதவீதம் குறைந்ததாக 2002-இல் கட்டுரை வந்தது, உலகமே மேற்கோள் காட்டியது. பிறகு அதே குழுவினர் சிலர் சேர்ந்தே 2013-இல் மறுபடி கணக்குப் போட்டார்கள். தடை இல்லாத பகுதிகளிலும் அந்தக் காலத்தில் இதய நோய் இறப்பு தானாகவே குறைந்துகொண்டு வந்திருந்தது. சுவாச நோய்க் கணக்கு நின்றது, இதய நோய்க் கணக்கு நிற்கவில்லை. தன் கணக்கைத் தானே திருத்திய அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. உங்களுக்கான பாடம் சின்னது: மாற்றம் நடக்காத பக்கத்து ஊர் ஒன்றையும் சேர்த்து எண்ணுங்கள்.

மாற்றம் வருவது முன்கூட்டியே தெரிந்தால் இன்னும் வசதி. 2008 ஒலிம்பிக்குக்காக பெய்ஜிங் ஆலைகளையும் வண்டிகளையும் கட்டுப்படுத்தப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு குழு 125 இளம் மருத்துவர்களைப் பிடித்து விளையாட்டுக்கு முன், நடுவில், பின் என்று ரத்தம் எடுத்தது. காற்று சுத்தமான நாட்களில் ரத்தம் உறைவதைக் காட்டும் குறியீடுகள் இறங்கின, மாசு திரும்பியதும் சில குறியீடுகள் ஏறின. ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பீடு. புகைப்பழக்கமா, பரம்பரையா, வறுமையா என்ற வாதமே எழாது.

வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பது

கடைசியாக, பிரமிடின் உச்சி. மாசைக் கொடுத்துப் பார்ப்பது மிகக் குறுகிய, மீளக்கூடிய விளைவுகளுக்கு மட்டும் சரிப்படும். ஏற்கெனவே மாரடைப்பு வந்து தேறிய 20 ஆண்களை அறைக்குள் சைக்கிள் மிதிக்கவிட்டு, ஒரு மணி நேரம் நீர்த்த டீசல் புகையைச் சுவாசிக்க வைத்த ஆய்வு 2007-இல் வந்தது. இதயத்துக்கு ரத்தம் போதாமல் போகும் அறிகுறி இ.சி.ஜி.யில் கூடியது. அருமையான ஆய்வு. இதற்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்குவதிலேயே உங்கள் முதல் வருடம் போய்விடும். புற்றுநோயை இப்படிச் சோதிக்க யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

மாசை எடுத்துவிட்டுப் பார்க்கலாமே என்றால், அடுப்பு ஆய்வுகள் தலைவலியைக் காட்டுகின்றன. குவாதமாலாவில் 534 வீடுகளில் புகைபோக்கி அடுப்பு கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் கார்பன் மோனாக்சைடு எக்ஸ்போஷர் பாதியானது. கடும் நிமோனியா குறைந்தது, ஆனால் மருத்துவர் கண்டறிந்த மொத்த நிமோனியாவில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பிறகு இந்தியா, பெரு, ருவாண்டா, குவாதமாலா என நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளோடு பெரிய எரிவாயு அடுப்பு ஆய்வு நடந்தது. அடுப்புக்கும் எரிவாயுவுக்கும் ஆய்வே செலவழித்தது, பெண்களும் விடாமல் பயன்படுத்தினார்கள், புகை நன்றாகவே குறைந்தது. பிறப்பு எடையில் பெரிய மாற்றம் இல்லை. இதைப் பார்த்து, புகை குற்றமற்றது என்று சொல்வீர்களா? குறைந்த பிறகும் அந்த வீடுகளின் நுண்துகள், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வருட வரம்பான ஐந்து மைக்ரோகிராமுக்குப் பல மடங்கு மேலேதான் இருந்தது. கர்ப்பமாகிச் சில மாதங்கள் போன பிறகுதான் அடுப்பு மாறியது. இந்த ஆய்வு பதில் சொன்ன கேள்வி "இந்த அடுப்பைக் கொடுத்தால் போதுமா" என்பது. "புகை கெடுக்கிறதா" என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்புவதுதான் பிரமிடைக் கும்பிடுவதன் விலை.

சரி, எதில் இறங்குவது?

யாரும் பெரிதாக இன்னும் ஆளாகாத புதுப் பொருள் என்றால் எலியும் செல்லும்தான். மக்கள் ஆளான பிறகு எண்ணுவதற்காகக் காத்திருப்பது அநியாயம். உடம்பில் வருடக்கணக்கில் தங்கும் பொருள், யாரிடமோ உறைய வைத்த மாதிரிகள் இருக்கின்றன என்றால், அந்த ஃப்ரீசரின் வாசலில் போய் நில்லுங்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம். உங்கள் கண்ணெதிரே ஒரு ஆலை மூடப்போகிறது, எரிபொருள் மாறப்போகிறது, புறவழிச்சாலை திறக்கப்போகிறது என்றால் மற்ற எல்லாவற்றையும் போட்டுவிட்டு இன்றே அளக்கத் தொடங்குங்கள். "பின்" என்பதை எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். "முன்" போனால் போனதுதான்.

இவை எதுவும் இல்லை, வெறும் மூன்று வருடமும் கொஞ்சம் பணமும்தான் என்றால், பெய்ஜிங் பாணியில் நாற்பது ஐம்பது பேரை எடுத்து, ஒவ்வொருவரையும் பத்துப் பன்னிரண்டு முறை அளக்கச் சொல்வேன். சட்டையில் மாட்டும் கருவி, அன்றைய ரத்த அழுத்தம், ஊதும் காற்றின் அளவு. நாட்பட்ட நோயைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சொல்லும் சின்ன விஷயத்தை நம்பலாம்.

இப்படி எலியா மனிதரா என்று கேட்டு வந்த மாணவி ஒருவரிடம், உங்கள் துறையின் பண்டகசாலையில் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து வந்தார். கூரையில் ஓடும் காற்றுக் கருவியின் வடிகட்டித் தாள்கள், பதினோரு வருடத்துக்கு உரியவை, காகித உறைகளில் போட்டு அட்டைப் பெட்டியில் இருக்கின்றன. உறையின் மேல் பென்சிலில் தேதி. நடுவில், எட்டாவது வருடம், பக்கத்துக் கொதிகலன் நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறியிருக்கிறது. "சார், ஆனால் ஒரு பிரச்சினை," என்றார். ஒரு பெட்டியில் ஈரம் ஏறித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னும் எழுபது உறைகளில் தேதி அழிந்துவிட்டது. அவற்றைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று இருவருமே ஒத்துக்கொண்டோம். மிச்சத்தை எடை போட, ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறை வேண்டும். அதற்கான சாவி யாரிடம் இருக்கிறது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.